நோட்ஸ்காரர் விட்ட காலி இடம்

அந்த ஊரில் பாட்டோடு சம்பந்தப்பட்ட எல்லாரும் அவரை நோட்ஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இசையமைப்பாளர் பாட்டு முழுவதையும் ஸ்கோர் என்கிற ஒரு பெரிய தாளில் எழுதிக் கொடுப்பார். அதிலிருந்து வயலினுக்கு உரியதை வயலின்காரருக்கும் டிரம்பெட்டுக்கு உரியதை டிரம்பெட்காரருக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தருவது இவர் வேலை. நாற்பத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறார். முதலில் மைப்பேனா, இப்போது கம்ப்யூட்டர். பேனா போனதில் அவருக்கு வருத்தமே கிடையாது. விரல் இடுக்கில் மை இல்லாமல் சாப்பிட உட்கார முடிகிறதே என்று சந்தோஷம்தான். அவருடைய வருத்தம் வேறு. அது இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டில், அவருடைய சொந்தத் தங்கையின் புருஷனாகக் குடியிருந்தது.

தங்கை புருஷன் இசையமைப்பாளர். இவரைவிட நாலு வயது சின்னவர். அறுபத்தாறு வயதிலும் தலை நிறைய முடி, அதுவும் பாதிக்கு மேல் கறுப்பு. நோட்ஸ்காரருக்கு முப்பத்தைந்திலேயே உச்சந்தலை வெளுத்துவிட்டது. இதையெல்லாம் ஒருத்தர் கணக்கு வைத்துக்கொள்வாரா என்று கேட்கலாம். நோட்ஸ்காரர் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு விருது கொடுத்தால் அன்று இவருக்கு வயிறு சரியிருக்காது. பேப்பரில் மாப்பிள்ளை படம் வந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் அலமாரிக்கு அடியில் விரிக்கப்படும்.

"உங்க வயித்தெரிச்சல்ல ஒரு அடுப்பே பத்த வைக்கலாம். கேஸ் மிச்சம்" என்பாள் அவர் மனைவி.

"எரியுதுன்னு நான் சொன்னேனா?"

"சொல்ல வேற வேணுமா? புகை வாசல் வரைக்கும் வருது."

அந்த ஊர்ப் பாட்டு எப்படி மாறியது என்று கேட்டால் மற்றவர்கள் பாடகர்களின் பெயரைச் சொல்லுவார்கள். நோட்ஸ்காரர் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் இசையின் நீளத்தைச் சொல்லுவார். அதை அவர் பார் கணக்கில் அளப்பார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடிக்கிற நேரம்தான் ஒரு பார். அவர் வேலைக்கு வந்த காலத்தில் பாட்டெல்லாம் நடன அரங்குகளுக்காகப் பிறந்தன. ஆட வருகிறவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, யாரோடு ஆடலாம் என்று நோட்டம் விட நேரம் வேண்டும். அதனால் முப்பத்திரண்டு பார். பிறகு எல்லா வீட்டிலும் இசைத்தட்டு வந்தது, பதினாறாயிற்று. பஸ்ஸில் டேப் ஓட ஆரம்பித்ததும் எட்டு, அதிலும் இன்ஜின் சத்தத்தை அமுக்க டிரம்மை மொத்தி எடுத்தார்கள். டி.வி. வந்ததும் பாடுகிறவரின் முகத்தைச் சீக்கிரம் காட்ட வேண்டியிருந்தது, நாலு. இப்போது செல்போனில் கேட்கிற பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே பாட்டுதான். இவ்வளவையும் தன் கையால் எழுதியவர் அவர். ஆனால் ஊர் பேசியது ஒரே ஒரு பாரைப் பற்றித்தான்.

ஊரை இரண்டாகப் பிரிக்கிற ஆற்றின் பாலம் பழுதுபார்க்க மூடிக்கிடந்த வருஷம் வந்த பாட்டு அது. இந்தக் கரையில் அவன், அந்தக் கரையில் அவள். பாலத்துப் பாட்டு என்றே அதற்குப் பெயராகிவிட்டது. கடைசிப் பல்லவிக்கு முன்னால் மொத்த வாத்தியமும் சட்டென்று நின்றுபோகும். முழுசாக ஒரு பார், ஒன்றுமே இருக்காது. பாடகி மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு எல்லாம் சேர்ந்து கொட்டும். பஸ்ஸில் அந்த இடம் வரும்போது கண்டக்டர்கூட விசில் அடிக்காமல் நிறுத்திவைப்பார். அதற்குப் பிறகு அந்த ஊரில் போட்ட பாட்டுகளில் பாதிக்கு நடுவில் இப்படி ஒரு ஓட்டை இருந்தது. கிட்டார் பையன்கள் வந்தார்கள், அவர்களும் நிறுத்தினார்கள். கீபோர்டு வந்தது, அதுவும் நின்றது. எங்கே எவன் நிறுத்தினாலும் பேப்பரில் மாப்பிள்ளை பெயர் வரும். மௌனத்தை இசையாக்கியவர் என்று ஒரு விமர்சகர் எழுதினார். அன்று நோட்ஸ்காரர் சாப்பிடவே இல்லை.

ஏனென்றால் அந்தப் பார் அவருடையது.

வாசிக்கிறவருக்குப் பக்கம் திருப்ப ஒரு கை வேண்டும். அதனால் பக்கத்தின் கடைசியில் வாசிக்காமல் இருக்கிற ஓய்வு விழுகிற மாதிரி வரிகளை நெருக்கியோ தளர்த்தியோ எழுதுவது நல்ல நோட்ஸ்காரரின் கெட்டிக்காரத்தனம். இவர் அதில் கில்லாடி. பாலத்துப் பாட்டில் பக்கம் முடிகிற இடத்தில் ஓய்வே கிடையாது. ஆனால் கை பழகிய கை. பக்கத்தின் அடிக்கு வந்ததும் அது பாட்டுக்கு ஒரு காலி பாரைப் போட்டுவிட்டது. முதல் தாளின் அமைப்பைப் பார்த்தே மற்றத் தாள்களையும் கட்டம் பிரித்ததால் பதினெட்டுத் தாளிலும் அதே காலி இடம் விழுந்தது.

ஒலிப்பதிவில் பதினெட்டுப் பேரும் ஒன்றாக நின்றார்கள். ஒன்றாகப் பக்கம் திருப்பினார்கள். பாடகி திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள். அடுத்த பாரில் எல்லாரும் ஒன்றாகப் பாய, அவளும் சுதாரித்துக்கொண்டு பாய்ந்தாள். பாட்டு முடிந்ததும் கண்ணாடி அறையிலிருந்து இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி கதவை உதைத்துக்கொண்டு வந்தார்.

"யாருய்யா அது? நல்லா ஓடிட்டு இருக்கும்போது நடுவுல கடையைச் சாத்தினது யாரு?"

இசையமைப்பாளர் தன் பெரிய தாளைப் பார்த்தார். அதில் காலி பார் இல்லை. வயலின்காரரின் தாளை எட்டிப் பார்த்தார். அதில் இருந்தது. பிறகு மச்சானைப் பார்த்தார். நோட்ஸ்காரருக்குத் தன் வேலை போய்விடும் என்று தோன்றியது. வீட்டில் ஒரு கைக்குழந்தை, அதற்கு மேல் ஒன்று.

"ஸ்கோர்ல இருந்ததைத்தான் நான் எழுதினேன்" என்றார்.

தங்கையைக் கட்டிக்கொடுத்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. இசையமைப்பாளர் தன் தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"நான்தாங்க எழுதினேன். அப்படித்தான் இருக்கணும்."

"இது ஓடலைன்னா நீ இந்தப் படி ஏற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

ஓடியது. முப்பத்தெட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலி பாரைப் போட்டது தான் என்பது நோட்ஸ்காரருக்கு நேற்று நடந்ததுபோல ஞாபகம். அன்று தான் சொன்ன பதில் மட்டும் சொத்தைப் பல் மாதிரி, நாக்கு அந்தப் பக்கமே போகாது. எப்போதாவது போனால் அவர் தனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வார். அவன் என்ன எனக்காகவா சொன்னான்? காதில் விழுந்ததும் பிடித்துப்போயிருக்கும், லபக்கென்று அமுக்கிக்கொண்டான்.

இப்படி இருக்கும்போதுதான் ஊர் வானொலி, நகரத்தை மாற்றிய இருபது பாட்டு என்று ஒரு தொடர் ஆரம்பித்தது. பாலத்துப் பாட்டுக்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம், நேரடி ஒலிபரப்பு. இசையமைப்பாளரோடு நோட்ஸ்காரரும் வரவேண்டும் என்று தொகுப்பாளினி போன் செய்தாள். நோட்ஸ்காரர் வெள்ளிக்கிழமையே சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டார்.

"இந்தத் தடவை சொல்லிடப் போறேன்" என்றார் மனைவியிடம்.

"சொல்லுங்க. ஆனா முழுசா சொல்லுங்க."

"முழுசான்னா?"

அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. தங்கை ஒருத்தி இருக்கும்போது எதுதான் தெரியாமல் இருக்கும்.

வானொலியின் சின்ன அறையில் ஒரு மேஜை, மூன்று மைக், கேட்கிறவர்கள் அனுப்புகிற செய்திகள் ஓடுகிற ஒரு திரை. மாப்பிள்ளை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதையும் நோட்ஸ்காரருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பாட்டைப் போட்டார்கள். அந்த இடம் வந்து போயிற்று.

"சார், இந்த நிறுத்தம்தான் நம்ம ஊர்ப் பாட்டையே மாத்திச்சு. இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று தொகுப்பாளினி கேட்டாள்.

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நோட்ஸ்காரர் முந்திக்கொண்டார்.

"அது யோசனை இல்லைம்மா. தப்பு. நான் பண்ணின தப்பு."

பக்கம் திருப்புவதையும் பழகிப்போன கையையும் பதினெட்டுத் தாளையும் ஒன்று விடாமல் சொன்னார். குரல் நடுங்கவில்லை. முதலாளி கதவை உதைத்த இடம் வந்ததும் தண்ணீர் குடித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை சிரித்தார். கள்ளமில்லாத சிரிப்பு.

"அத்தனையும் உண்மை. அது மச்சான் போட்ட பார்தான்."

தொகுப்பாளினி கெட்டிக்காரி. "அப்போ முப்பத்தெட்டு வருஷமா அது உங்களோடதுன்னு ஏன் சார் சொன்னீங்க?"

நோட்ஸ்காரர் மாப்பிள்ளையின் வாயையே பார்த்தார். இப்போது இவன் சொல்லிவிடுவான். ஊர் முழுக்கக் கேட்கப் போகிறது. மாப்பிள்ளை ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு மைக்கைப் பார்த்தார்.

"சின்ன வயசும்மா. பேர் வாங்கணும்னு ஆசை. கேட்டாங்க, என்னோடதுன்னு சொல்லிட்டேன். இத்தனை வருஷம் கழிச்சு மச்சான்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

தொகுப்பாளினிக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் செய்திகள் மளமளவென்று ஓடின. எவ்வளவு பெரிய மனசு என்றது ஒன்று. இந்த வயதில் ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தைரியம் வரும் என்றது இன்னொன்று. அவர் மனிதர் இல்லை, மகான் என்றார் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவர். நோட்ஸ்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒன்று விடாமல் படித்தார். அவர் கேட்ட பார் அவருக்குக் கிடைத்துவிட்டது, ஊரறியக் கிடைத்துவிட்டது. ஆனால் முப்பது செய்தியில் அவரைப் பற்றி ஒரே ஒரு செய்தி. பக்கம் திருப்புவதற்கு வேறு வழியே இல்லையா என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கேட்டிருந்தார்.

அடுத்து நடந்ததற்கு மனசாட்சிதான் காரணம் என்று யாராவது சொன்னால் நோட்ஸ்காரரே நம்பமாட்டார். சுத்தமான பொறாமை. அன்றைக்கும் இவன்தான் தாங்கினான், இன்றைக்கும் இவன்தான் தாங்குகிறான், இரண்டு தடவையும் பெயர் இவனுக்கே போகிறது. அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"இவன் சொல்றது பொய்ம்மா. பேருக்கு ஆசைப்பட்டு இவன் ஒண்ணும் சொல்லலை. முதலாளி வந்து யாருன்னு கேட்டாரு. நான் பயந்துபோய், ஸ்கோர்ல இருந்ததுன்னு சொல்லி இவன் தலையில போட்டேன். என் வேலை போயிடும்னு தெரிஞ்சுதான் இவன் ஏத்துக்கிட்டான்."

"மச்சான், அதெல்லாம் எதுக்கு இப்போ? விடுங்க" என்று மாப்பிள்ளை அவர் முழங்கையைத் தொட்டார்.

நோட்ஸ்காரர் கையை உதறினார்.

"நீ சும்மா இரு மாப்ளே. தப்பை ஒத்துக்கிட்டவன்கிற பேரையாவது எனக்கு விட்டு வை."