வெள்ளையாக விட்ட மூலை

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கத்தான் தோன்றும். சண்டை முடிந்த பிறகு, வாவிக் கரையில் ஒரு மண்டபத்தில் பெண்கள் சிலர் சேர்ந்து படம் வரையப்போகிறார்கள், உதவிக்குப் படித்த பிள்ளை ஒன்று வேண்டும் என்றார்கள். அந்த நிமிர்வோடுதான் போனேன்.

வந்தவர்கள் எல்லாரும் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். அங்கே ஒரே ஒரு நிபந்தனை: நடந்ததை யாரும் சொல்லத் தேவையில்லை, யாரும் கேட்கவும் கூடாது. சேர்ந்து வரைந்தால் போதும். நான் நிறம் கலக்கிக் கொடுத்தேன், தூரிகை கழுவினேன். சுனாமிக்குப் பிறகு நாங்கள் தங்கியிருந்த முகாமில், எல்லாரும் நல்லவர் என்று நம்பிய ஒருவரால், எனக்கும் அது நடந்தது. அங்கே யாருக்கும் அது தெரியாது. வீட்டிலும் தெரியாது. தெரியவிடக்கூடாது என்பதில் படிப்பில் இருந்த அளவுக்குக் கவனமாக இருந்தேன்.

பெரிய வெள்ளைத் துணியை நிலத்தில் விரித்து, நான்கு பக்கமும் உட்கார்ந்து வரைந்தார்கள். ஒரு மூலையைப் படம் சொல்லித்தந்த ஆசிரியை வெறுமையாக விட்டுவைத்தார்; யாருக்கென்று சொல்லவில்லை. வாழைச்சேனையில் மீன் விற்கும் அக்கா ஒவ்வொரு நாளும் என்னைக் கூப்பிடுவார்.

"நீயும் ஒண்டு கீறுகா."

"நான் உதவிக்குத்தானே வந்திருக்கன், அக்கா."

"படிச்ச புள்ளைக்குக் கீறத் தெரியாதோ? என்ட மீனப் பாரு, கருவாடு மாதிரிக் கிடக்கு. நானே வெக்கப்படல்ல."

அவருக்குப் பக்கத்தில் ஏறாவூரில் தறி நெய்யும் முஸ்லிம் அக்கா ஒருவர். அவரை ராத்தா என்போம். அவர் வரைந்த தோணியின் கயிறு நீண்டு நீண்டு அந்த வெறும் மூலைக்குள் வந்து, எதிலும் கட்டப்படாமல் நின்றது.

வரைந்து முடித்துச் சுவரில் மாட்டினோம். அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்தே வரைந்திருந்தார். பாதி வீடுகள் தலைகீழ்.

"அல்லாஹ்வே, என்ட தோணி கவுண்டு போச்சே!" என்றார் ராத்தா.

வெட்டித் திருப்பித் தைக்கலாம் என்றார் ஆசிரியை. ஒருவரின் மரக்கிளை மற்றவரின் கூரைக்கு மேல் போயிருந்தது. எங்கே வெட்டினாலும் யாரோ ஒருவருடையது அறுந்துபோகும்.

"வெட்டுறதெண்டா எனக்கு வேணாம்," என்று ராத்தா எழும்பிவிட்டார்.

"சுவரில என்னத்துக்குகா மாட்டுவான்?" என்றார் மீன்கார அக்கா. "மேற்கட்டியாக் கட்டுவம். கீழ படுத்துப் பாத்தா எந்தப் பக்கமும் நேர்தானே."

மேற்கட்டி என்றதும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். சடங்கு வீடுகளில் கூரைக்குக் கீழே கட்டும் வெள்ளைத் துணி அது. நான் பெரியபிள்ளையானபோதும் கட்டினார்கள். எல்லாரும் வந்து வாழ்த்தினார்கள். நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை. அந்த வெள்ளைக்குக் கீழே இருக்க எனக்குத் தகுதியில்லை என்று நினைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு இருந்தேன். நல்ல அடக்கமான பிள்ளை என்றார்கள்.

படம் கீழே தெரியும்படி கூரையின் வளைமரத்தில் கட்டினோம். எல்லாரும் பாயில் படுத்து, தங்கள் வீடும் மரமும் நேராக வரும்வரை தலையைத் திருப்பித் திருப்பி இடம் பிடித்தார்கள். ஒருவரின் கால் மற்றவரின் முகத்தில் பட்டுச் சிரிப்பு. நானும் படுத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு நேரே வந்தது அந்த வெறும் வெள்ளைதான்.

"என்ட கயிறு போய் நிக்கிற அந்த வெறும் இடம் ஆருட?" என்று ராத்தா கேட்டார்.

ஆசிரியை என்னைப் பார்க்கவில்லை. மிச்சம் வந்த துணி என்று சொல்லிவிட்டிருக்கலாம். நான் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ட," என்றேன்.

சிரிப்பு நின்றது. என்ன, எப்போது என்று கேட்டு நிபந்தனையை யாரும் மீறவில்லை. மீன்கார அக்கா மட்டும் எழுந்து உட்கார்ந்தார்.

"அவிழ்ப்பமா?"

"வேணாம். மேசையப் புடிங்க."

ஏறி நின்று, தலையை அண்ணாந்து வரைந்தேன். கை வலித்தது. மண்ணிற மை நெற்றியில் சொட்டி மூக்கால் வழிந்தது. கயிற்றின் நுனியில் ஒரு கம்பு. அதில் மூன்று சுற்று.

"படிச்ச புள்ள, கம்பு வளையுதுகா," என்றார் மேசையைப் பிடித்திருந்த அக்கா.

"வளைஞ்சாலும் பரவால்ல," என்றார் ராத்தா. "தோணி போகாது."