நிலைப்படி இல்லாத வீடு

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இதைச் சொன்னால் எல்லோரும் உடனே உச்சுக் கொட்டுவார்கள். கடலூர் முதுநகரில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் எங்கள் வீட்டில் அவளைப் பார்த்தவர்கள் கொட்ட மாட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம் அது. அறைக்கு அறை ஒரு சாண் உயரத்துக்கு நிலைப்படி. கூடத்தில் வழவழவென்று சிவப்புத் தரை, முற்றத்தில் கருங்கல், அடுக்களையில் சொரசொரப்பான செங்கல். காலை வைத்ததுமே எங்கே நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்பா, அம்மா போன பிறகும் தனியாகவே பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். நான் போயிருக்கும்போது கரண்ட் போனால் எனக்கு டார்ச் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான்.

என் வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் அந்த யோசனை வந்தது.

"கடல் பக்கத்துல வீட்ட வெச்சுக்கிட்டு எலெக்ட்ரானிக் சிட்டி டிராஃபிக்ல சாகணுமா?" என்றார்.

வீட்டை எங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டு எல்லோருமாக அங்கேயே குடிபோவது என்று முடிவானது. வேலை முடியும்வரை அக்காவை எங்கள் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்தேன். பஸ்ஸில் என் கையை விடவே இல்லை. "மறுபடி என்னை வீட்டுல கொண்டாந்து விட்டுடுவல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

எங்களுடையது ஏழாவது மாடி. வந்த வாரமே காற்று வாங்க வராந்தாவுக்குப் போனவள், திரும்பும்போது அடுத்த வீட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறாள். "யாரு பேக்கம்மா?" என்று, யார் வேண்டும் எனத் தன் பாஷையில் கேட்ட அந்தக் கன்னடத்து அம்மா கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டார்.

"எல்லாக் கதவும் ஒண்ணு போலவே இருக்குடி" என்று அக்கா சிரித்தாள். அதற்குப் பிறகு தனியாக வெளியே போகவில்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்து, "கொஞ்ச நாள்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். என்னைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர்கூடக் குறைவாகத்தான் குடித்தாள்.

ஆர்க்கிடெக்ட், வீடு எப்படி வரப்போகிறது என்று ஒரு வீடியோ அனுப்பினார். டிவியில் போட்டுப் பார்த்தோம். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. அடுக்களைச் சுவரை எடுத்துக் கூடத்தோடு சேர்த்திருந்தார். முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை, கடல் பக்கம் சத்தமே நுழையாத கண்ணாடிக் கதவு, வீடு முழுக்க ஒரே டைல்ஸ், ஒரே மட்டம்.

"உங்க சிஸ்டர் தடுக்கி விழக்கூடாதுன்னுதான் நிலைப்படி எல்லாத்தையும் எடுத்துடறோம் மேடம்" என்றார் போனில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு அக்கறையான மனுஷன்!

"நல்லாருக்காடி?" என்றாள் அக்கா.

"சூப்பரா இருக்குக்கா."

மீதியைச் சொல்லவில்லை. நேரில் வந்து சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டோம். அந்த வீட்டில் அவள் ஒருநாளும் தடுக்கி விழுந்ததில்லை. நிலைப்படியில் கட்டைவிரலைப் பெயர்த்துக்கொண்டதெல்லாம் நானும் என் வீட்டுக்காரரும்தான். அது எங்கள் புத்தியில் உறைக்கவே இல்லை.

பால் காய்ச்ச நாள் பார்த்துக் காரில் கிளம்பினோம். புதுப்புடவை கட்டியிருந்தாள். பண்ருட்டி தாண்டியதும் ஜன்னலை இறக்கச் சொல்லி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். வாசலில் இறங்கியதும் என் கையை உதறினாள்.

"விடுடி. என் வீடு."

காலை உயரத் தூக்கி வைத்தாள். தாண்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கால் தொப்பென்று தரையில் விழ, முன்னால் சாய்ந்து எப்படியோ நின்றுகொண்டாள். சமாளித்துச் சிரித்தபடியே உள்ளே நடந்தாள். அடுக்களைச் சுவர் இருந்த பக்கம் இடது கையை நீட்டினாள். கை காற்றில் துழாவியது. இன்னும் கொஞ்சம் நடந்தாள். பாதத்தால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். எங்கே தேய்த்தாலும் அதே டைல்ஸ். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"கடல் எந்தப் பக்கம்டி?"

ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். அலைச் சத்தம் அந்தப் பெரிய கூடம் முழுக்க மோதி எதிரொலித்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள், உடனே வேறு பக்கம் திரும்பினாள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரர், "பால் காய்ச்சணும், வாங்க" என்று குரல் கொடுத்தார்.

நடுக்கூடத்தில் நின்றிருந்தவளின் கையைப் பிடித்தேன். சில்லென்று வியர்த்திருந்தது. இந்தத் தடவை அவள் உதறவில்லை.

"வீட்டுல கொண்டாந்து விடறேன்னு சொன்னியேடி" என்றாள்.