மேடு தெரியணும்

கறுப்பு ரெக்சின் துணியைத் தையல் மெஷினில் போட்டு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் நாங்கள் அக்கா என்று கூப்பிடத் தொடங்கிய அந்தப் பெண் முதன்முதலாக எங்கள் கடைக்கு வந்தார். தேயிலை மலைகளுக்கு நடுவே, கொட்டகலைக் கடைவீதியில் ஆட்டோக்களுக்கு இருக்கை தைப்பதும் கூரை போடுவதும் எங்கள் தொழில். வாசலில் வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றுவிட்டார். அது அக்காவின் கணவர் ஓட்டிய ஆட்டோ. முந்திய மழைக்காலத்தில், ஒரு வளைவில் மண்மேடு சரிந்து அவர் அந்த வண்டிக்குள்ளேயே இறந்துபோயிருந்தார். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, கூரையில்லாமல் வெறும் கம்பிச் சட்டத்தோடு, அக்காவே அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அதுவரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் கணவரின் வேலையை இனித் தானே செய்யப்போவதாகச் சொன்னார். வண்டியை விற்றுவிடலாமே என்று முதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வித்துட்டு திரும்பவும் கொழுந்து பறிக்க மலைக்கு போகவா மொதலாளி?" என்று மட்டும் கேட்டார் அக்கா.

எங்களிடம் இரண்டு வகைக் கூரை இருந்தது. ஒன்று பைபரில் வார்த்தது. கெட்டியாக இருக்கும், மழைச் சத்தம் உள்ளே அவ்வளவாகக் கேட்காது, தூரத்தில் பார்த்தால் சின்னக் கார் போலத் தெரியும். இளவட்டங்கள் அதைத்தான் விரும்பினார்கள். மற்றது, சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டும் ரெக்சின் கூரை. குளிருக்காக உள்ளே மெல்லிய ஸ்பான்ஜ் வைத்துத் தைப்போம். மேலே ஏதாவது விழுந்தால் கொஞ்சமாவது தாங்கும் என்று முதலாளி பைபரைக் காட்டினார். அக்கா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அவரு வண்டியில இருந்ததும் இதுதான். தோண்ட வந்தவங்களால அத ஒடைக்க முடியல. எனக்கு துணியே போதும். கிழிச்சாவது எடுக்கலாம்ல."

முதலாளி அளவு நாடாவை என்னிடம் நீட்டினார். நான் அளவெடுக்கத் தொடங்கினேன்.

வெயில் மறைப்புக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எங்கள் பாதைகளில் மாலை வெயில் வளைவுக்கு வளைவு நேராக முகத்தில் வந்து அறையும். அதனால் முன் கண்ணாடிக்கு மேலே, தொப்பியின் முனை போல அகலமாக நீண்டிருக்கும் கறுப்பு வைசரைத்தான் எல்லோரும் போடுவார்கள். அதற்குக் கீழே சாமி படம் போட்ட ஸ்டிக்கரையும் ஒட்டினால் கண்ணாடியில் மிஞ்சுவது ஒரு துண்டு பாதைதான். அக்காவின் கணவர் அப்படித்தான் வைத்திருந்தார். மேலே மண் அசைவது பின்னால் பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அக்கா ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். என்னை ஒரு அட்டைத் துண்டைக் கண்ணாடிக்கு மேலே பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன்.

"இன்னும் தூக்குங்க தம்பி. மேடு தெரியல."

தூக்கினேன். மறுபடியும் தூக்கச் சொன்னார். கடைசியில் மிஞ்சியது விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. வெயில் கண்ணில் குத்துமே அக்கா என்றேன்.

"கண்ண சுருக்கிக்கிறேன். மேடு தெரியணும்."

பனியில் பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று இரண்டு பக்கமும் கதவு மட்டும் வைக்கச் சொன்னார். அந்த வண்டி கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. கடையைக் கடக்கும்போது ஹார்ன் அடிப்பார். பின்னால் வெள்ளைச் சீருடைகள் நெருக்கியடித்துக்கொண்டு சிரிக்கும்.

பிறகு ஒரு மழை நாளில், பள்ளி விட்டுத் திரும்பும் வழியில், மேட்டிலிருந்து மண்ணும் பாறையுமாக அந்த வண்டியின் முன்பக்கத்தில் வந்து விழுந்தது. வண்டி பாதையை விட்டுத் தள்ளப்பட்டுத் தேயிலைக்குள் பக்கவாட்டில் சாய்ந்தது. ஒரு கதவு அடியில் மாட்டிக்கொண்டது, மற்றதை மண் மூடியது. பக்கத்து மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து, தேயிலை வெட்டும் அதே கத்தியால் கூரையைக் கிழித்துப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். ஒரு பிள்ளைக்குக் கை முறிந்திருந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புகள்தான். அக்காவின் இடுப்புக்குக் கீழே, கால்கள் மேல் பாறை கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அவர் அதன்பிறகு நடக்கவில்லை.

துணிக் கூரைதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று கடைவீதியில் சிலர் சொன்னார்கள். பைபர் போட்டிருந்தால் அக்காவுக்குக் கால் போயிருக்காது என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டே நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டியை வாங்கிய இளைஞர் போன மாதம் எங்களிடம் வந்தார். பைபர் கூரை, கண்ணாடியில் பாதி மறையும் அகலத்துக்கு வைசர். அவரும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்தான். மேடு மறையும் தம்பி, வேண்டாம் என்றேன்.

"அந்தக்கா மேட்ட பாத்துக்கிட்டுதானேண்ணே ஓட்டுனாங்க. என்னா ஆச்சு?"

அவர் கேட்டபடியே போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கடைசிக் காம்பிரா, ஒரே அறை. கதவோரமாகக் கட்டில். பேச்சுவாக்கில் அந்த இளைஞர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அக்கா போர்வையை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாத்தேன் தம்பி. அது எறங்குறத நல்லா பாத்தேன். முடுக்கியிருந்தா நான் தாண்டியிருப்பேன். ஆனா அது பின் சீட்டு மேல விழுந்திருக்கும். அதான் பிரேக்க புடிச்சேன்."

இதைப் பிள்ளைகளின் வீட்டாரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு? சொன்னா புள்ளைங்க காதுக்கு போகும். அதுங்க வந்து ஒரு ஓரமா நின்னு அழுவும்" என்றார் அக்கா. "இப்ப ஸ்கூல் விட்டா நேரா இங்கதான் வருதுங்க. இந்தக் கட்டில்ல ஏறி குதிக்குதுங்க. குதிக்கட்டும்."