ரோலண்டின் பரண்

மார்லிஸிடம் நல்ல குணம் ஒன்று உண்டென்று நான் சொன்னால் அவளே என்னை அடிக்க வருவாள். மெரில் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கண்ணாடியில் அவள் முறைப்பைப் பார்த்தாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். என் தம்பி ரோலண்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். ஆனாலும் என் அண்ணன் லவெர்னோடு ஒப்பிட்டால் அவள் தேவதை.

அப்பா விட்டுப்போன காட்டில் வேட்டைக்குத் தங்க ஒரு மரவீடு; மரத்தின்மேல் உட்கார்ந்து மான் சுட எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பரண். பரணுக்கு எதிரே மான்களுக்கென்று ஒரு மேய்ச்சல் துண்டு. விதைப்பதும் காப்பதும் பரண்காரன் பாடு. மான் மேயாத துண்டுக்காரன் பரணை விட்டு இறங்க வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். யாரும் யாரையும் அதைச் சொல்லி இறக்கியதில்லை.

மார்ச் மாதம் ரோலண்ட் மாரடைப்பில் போனான். அடக்கம் முடிந்து, தேவாலயத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே லவெர்ன் ஆரம்பித்தான்.

"பரண் சும்மாதானே கெடக்கு. நம்ம கர்ட் உக்காரட்டும்." கர்ட் அவன் மாப்பிள்ளை, மில்வாக்கியில் பல் டாக்டர்.

மார்லிஸ் தட்டைக் கீழே வைத்தாள். "சும்மா கெடக்குன்னு யார் சொன்னா? நான் உக்காருவேன்."

"நீ சமைக்கத்தானேம்மா வருவே?"

"இத்தனை வருஷம் உங்களுக்கு முட்டை பொரிச்சுப் போட்டேன். அவன் அங்க உக்காந்து அப்படி என்னத்தைப் பாத்தான்னு நானும் பாக்கணும். போதுமா?" கடைசியில் குரல் உடைந்தது. உடைந்ததற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"சரி மகராசி. மேய்ச்சல் போடு. நவம்பர்ல வேட்டை சீசனுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பாப்பேன். மான் வாய் வைக்கலேன்னா கர்ட் ஏறுவான்" என்றான் லவெர்ன். வாயெல்லாம் பல்.

லவெர்ன் தன் துண்டில் டர்னிப் கிழங்கும் முள்ளங்கியும் மே மாதக் கடைசி விடுமுறையில் விதைப்பான். மழையோ பருவமோ காரணமில்லை. அன்றைக்குத்தான் சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், கல் பொறுக்க ஓசியில் ஆள் கிடைக்கும். மார்லிஸ் அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இப்ப போட்டா வெயில்ல பூத்து முத்திப் போகும். நவம்பர்ல மானுக்குக் குச்சியைத்தான் போடுவே."

"ரோலண்டு சொல்லிக் குடுத்தானா?"

"விதைப் பையில போட்டிருக்கு. படிக்கத் தெரியும்ல உனக்கு?"

அவள் களையை மட்டும் அழித்துவிட்டுக் காத்திருந்தாள். ஆகஸ்ட் தொடக்கத்தில் வானம் கறுத்த ஒரு மாலை போட்டது போட்டபடி வந்து அதே டர்னிப் விதையைத் தூவினாள். நான் முதுகொடியக் கல் பொறுக்கினேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரவெல்லாம் மழை பெய்தது.

செப்டம்பரில் லவெர்னின் துண்டு பூத்துக் காய்த்து, புழு அரித்து மஞ்சளாக நின்றது. மார்லிஸின் துண்டு முழங்கால் உயரத்துக்குப் பச்சை. ஆனால் ஒரு மானும் வாய் வைக்கவில்லை. நல்ல உறைபனி விழுந்தால்தான் இந்த இலையின் கசப்புப் போகும். அந்த வருடமோ அக்டோபர் முடிந்தும் ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு திரிந்தார்கள். லவெர்ன் சனிக்கிழமைதோறும் வந்து, குனிந்து இலை இலையாகப் பார்ப்பான். கடிபடாத இலையைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை டிராக்டரில் வெட்டும் கருவியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"பொறுண்ணே, பனி விழட்டும்" என்றேன்.

"சட்டம்னா சட்டம். நீ ஒதுங்கு."

மொத்தத்தையும் வெட்டித் தள்ளினான். கல்லில் பட்டால் புது பிளேடு போய்விடும் என்று சற்று உயர்த்தி வைத்து வெட்டினான். அவன் கஞ்சத்தனம் உலகப் பிரசித்தம்.

மார்லிஸ் வந்து பார்த்தபோது கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாதி மண்ணுக்கு வெளியே நின்ற கிழங்கு ஒன்றைப் பிடுங்கித் துடைத்துக் கடித்தாள், துப்பினாள். "கிழங்கு அப்படியேதான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய் இரவு பனி இறங்கியது. என் நாயின் தண்ணீர்ச் சட்டி அடிவரை உறைந்தது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் துண்டு முழுக்கக் குளம்புத் தடம், பறித்த குழி, கடித்த கிழங்கு.

"ஞாயித்துக்கிழமை மேயலையே" என்றான் லவெர்ன்.

சீசனின் முதல் நாள் இருட்டோடு கர்ட் பரணுக்குப் போனபோது மார்லிஸ் துப்பாக்கியோடு மேலே உட்கார்ந்திருந்தாளாம்.

"மாமா என்னைத்தான் உக்காரச் சொன்னாரு."

"அப்ப மேல வந்து என்னை இறக்கு."

கர்ட் படித்தவன். மரவீட்டுக்கே திரும்பிப் போய்விட்டான்.

விடிந்து வெகு நேரம் கழித்து ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நாங்கள் ஓடினோம். நல்ல கொம்புள்ள கலைமான் கிழங்குகளுக்கு நடுவே விழுந்து கிடந்தது. லவெர்ன் அதைச் சுற்றி வந்தான். வெட்கம் என்பது அவனுக்குப் பிறவியிலேயே கிடையாது.

"நான் இலையை வெட்டிவிட்டதாலதான் மான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுது. பின்னங்கால் ஒண்ணு எனக்கு."

மார்லிஸ் ஒரு டர்னிப்பைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள். "இந்தா. நீ வெட்டாம விட்டது இதுதான். எடுத்துக்கிட்டுப் போ."

அவன் போனான். எங்கள் பக்கம் இன்றுவரை திரும்பவில்லை, நிம்மதி.

மானை இழுத்துக்கொண்டு வரும்போது கேட்டேன். "அப்படி என்னதான் தெரிஞ்சுது மேலேருந்து?"

"ஒண்ணுமில்ல. இருட்டு, குளிரு." கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அப்புறம் கர்ட் காப்பி போட சமையல்கட்டு விளக்கைப் போட்டான். அவன் பாலை மோந்து பாக்கறதுகூடத் தெரிஞ்சுது. அந்தக் காட்டுல பாக்கறதுக்கு அந்த ஜன்னலை விட்டா வேற எதுவுமே இல்ல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு என்மேல் பாய்ந்தாள்.

"முட்டாப்பய! இத்தனை வருஷமும் நான் முட்டை பொரிக்கறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கிட்ட சொன்னானா?"

ரோலண்டுக்குச் சேர வேண்டிய திட்டு முழுவதையும் அன்று நான்தான் வாங்கிக்கொண்டேன்.