பச்சை ஒயரில் சிவப்பு இழை

எங்களுக்குக் கல்யாணமான மறுவருடம், பனி இறங்கும் பருவத்தில், அந்தக் கார் எங்கள் பட்டறைக்கு வந்தது. மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். ஓசூரில் அந்த மாதங்களில் வெயில் ஏறும்வரை எதிரே வருவது ஆளா மரமா என்று தெரியாது. பாகலூர் சாலையின் வெண்மைக்குள் முதலில் மணியோசை கேட்டது. பிறகு கொம்புகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், கண்ணாடி போன இரண்டு விளக்குக் குழிகளோடு ஒரு கார். நான் வாசல் தெளிக்கும் செம்போடு நின்றிருந்தேன். அது சாலை வழியாக வந்ததாகவே எனக்கு நினைவில்லை. பனிக்குள்ளிருந்து கரையேறியதாகத்தான் நினைவு.

பட்டறை என்றால் ஒரு தகரக் கொட்டகை. அதன் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் கரண்டு வேலை பார்ப்பவர். டைனமோ, செல்ஃப், பேட்டரி, விளக்கு. யுத்த காலத்தில் பெங்களூர் பட்டாள டிப்போவில் கற்றுக்கொண்ட வேலை. அதிகம் பேசமாட்டார். நான் சேலத்துக்காரி. அப்பா நூல் கடையில் வேலையாக இருந்தார். எண்ண முடியாத நிறங்களில் நூல் தொங்கும் கடைக்குள்தான் நான் நடக்கக் கற்றேன்.

காருக்குச் சொந்தக்காரர் ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். தாய்மொழி கன்னடம். ராயக்கோட்டைக்கு அப்பால் மாந்தோப்பு போட்டிருந்தார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய இங்கிலாந்து வண்டி அது. நெடுங்காலம் அவருடைய கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே கிடந்திருக்கிறது.

"ஓட வெச்சுத் தந்துடறேன் சார்" என்றார் என் கணவர்.

"ஓடினா போதாதுப்பா. ஃபேக்டரியிலேர்ந்து எப்படி வெளியே வந்துச்சோ அப்படியே இருக்கணும். மூடி திறந்தா உள்ளே ஒரு ஒயர்கூட வேற மாதிரி இருக்கக் கூடாது. ஆகுமா?"

என் கணவருக்கு வரும் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் எதையாவது வைத்துக் கட்டி, சாயங்கால டிரிப்புக்கு வண்டியைத் தந்துவிடு என்பவர்கள். இப்படி ஒருவர் கேட்டது அவருக்கு விசித்திரமாக இருந்தது. அன்று சாப்பிடும்போது தனக்குள் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எது பிறந்தபோது இருந்த சாமான், எது பின்னால் வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அந்த நாளில் அவர் எனக்குக் காட்டியவை கனவில் பார்த்தவை போல ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. டைனமோவின் வயிற்றைத் துடைத்தால் மாதமும் வருடமும் சின்னதாகக் குத்தியிருக்கும். கார் செய்த வருடத்துக்குச் சற்று முந்தியதாக இருந்தால் அது கூடவே பிறந்தது. பிந்தியதாக இருந்தால் வந்து சேர்ந்தது. எங்கள் டைனமோ கூடப்பிறந்ததுதான். ஆனால் டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் கட்அவுட் பெட்டியின் மேல் ஒரு அம்புக்குறி இருந்தது.

"இது பட்டாளத்துச் சாமான்" என்று அதைக் கையில் எடுத்துத் தடவினார். "நான் இருந்த டிப்போவிலேர்ந்தே வந்திருக்கலாம். வேலை செய்யுது. ஆனா இந்த வண்டியோடது இல்ல."

அதற்கு மாற்றுத் தேடி இரண்டு பேரும் பெங்களூர் குஜரிக் கடைகளுக்குப் போனோம். எனக்கு அது திருவிழாவுக்குப் போவது போல இருந்தது. தெரு முழுக்கத் தரையில் பழைய இரும்பு. அதற்கு நடுவில் அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்க்க, நான் பக்கத்தில் நின்று கடலை தின்றேன். நேரம் ஓடியதே தெரியவில்லை. ஒருவழியாக அழுக்குப் படிந்த ஒரு பெட்டியைத் தூக்கி, அடியில் இருந்த எழுத்தை என்னிடம் காட்டினார். கடைக்காரனுக்கு நாங்கள் ஏன் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று புரியவேயில்லை.

கடைசியில் ஒயர் வேலைக்கு வந்தோம்.

அந்தக் காலத்து ஒயரில் ரப்பருக்கு மேல் நூல் பின்னியிருப்பார்கள். பச்சை, சிவப்பு, பழுப்பு, கறுப்பு. சிலவற்றில் வேறு நிறத்தில் ஒரு இழை சாய்ந்து சாய்ந்து சுற்றிக்கொண்டு ஓடும். எந்த நிறத்தில் எந்த இழை என்பதை வைத்துத்தான் இது விளக்குக்கு, இது ஹாரனுக்கு என்று தெரிந்துகொள்வது. காரின் மொத்த ஒயர்க் கட்டையும் உருவி, பாயில் பரப்பி, ரகம் பிரித்து வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் எல்லாம் கரியாக இருந்தன. பட்டு வேட்டிக்குச் செய்வது போல நான் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, அந்த நுரையில் ஒவ்வொன்றையும் மெல்லத் துடைத்தேன். கிளிப்புகளுக்கு அடியில் வெயிலே படாமல் இருந்த துண்டுகளில் நிறம் விழித்துக்கொண்டது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் கிளி இறகு போல ஒரு பச்சை. எனக்கு அப்பாவின் கடைக்குள் நிற்பது போல இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன்.

"என்னங்க, இதையும் அதையும் ஏன் ஒண்ணா வெச்சிருக்கீங்க?"

"எதை?"

"இது பச்சை ஒயர், செவப்பு இழை ஓடுது. அது வெறும் பச்சை. ரெண்டும் வேற வேற இல்ல?"

அவர் அந்தத் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் உருட்டினார். வெகுநேரம் பார்த்தார். நான் விளையாட்டாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அதுல இழையே தெரியல" என்றார்.

பகல் வேளை. தகரத்தின் மேல் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது. அவர் தலை நிமிராமல் சொன்னார். பிறவியிலிருந்தே பச்சையும் சிவப்பும் அவருக்கு ஒரே நிறம். பட்டாளத்தில் சேரும்போது நிறம் கேட்டார்கள். முன்னால் நின்றவன் சொன்னதையே இவரும் சொல்லிவிட்டார். பிறகு வேலையில், ஒரு முனையில் கரண்டு கொடுத்து மறுமுனையில் பல்பு எரிகிறதா என்று பார்த்தே காலம் தள்ளியிருக்கிறார்.

"எங்கிட்டகூட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை குடுப்பாங்களா? பொண்ணுதான் குடுப்பாங்களா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூடவே இருந்து நான் கவனிக்காமல் விட்டவை எல்லாம் அந்தப் பாயில் வந்து உட்கார்ந்தன. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி வாங்கும்போது ஒவ்வொன்றையும் அவர் அமுக்கிப் பார்ப்பார். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று நான் கட்டியிருந்த கிளிப்பச்சைச் சேலையை "அந்த மண்ணு கலர் பொடவை" என்று ஒருமுறை சொன்னார். அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் நான்.

"செவப்புன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"மொளகாப் பழம் மாதிரி."

"அது காரம். நெறத்தைச் சொல்லு."

எவ்வளவோ யோசித்தேன். சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் வேறொரு ஊரில் நடமாடுவது போல இருந்தேன். கொத்தமல்லிக் கட்டு, அவரைப் பூ, பஸ்ஸின் பின்விளக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தையின் ரிப்பன், எதைப் பார்த்தாலும் இது அவருக்கு எப்படித் தெரியும் என்ற எண்ணம். குடத்தோடு வழியில் நின்றுவிடுவேன். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாரோ கண்ணைக் கடன் கொடுத்தது போல இருந்தது.

பெங்களூரில் நூல் பின்னிய ஒயர் கிடைத்தது. இழை ஓடியது கிடைக்கவில்லை. பொங்கலுக்குச் சேலம் போனபோது அப்பாவின் கடையில் துண்டுகளோடு ஒப்பிட்டு நூல் எடுத்துவந்தேன். மெல்லிய ஊசியில் கோத்து, பின்னலுக்கு மேலாகச் சாய்த்துச் சாய்த்து இழையைத் தைத்தேன். நான் நிறம் சொல்ல, அவர் எங்கே போகிறது என்று சொல்ல, பாயில் ஒரு புதிய ஒயர்க் கட்டு மெதுவாக நீண்டது. அவ்வளவு பேச்சு எங்களுக்குள் அதற்குமுன் நடந்ததே இல்லை.

சொந்தக்காரர் பார்க்க வந்தார். கட்டைத் தூக்கி மூக்குக்கண்ணாடி அருகே கொண்டுபோனவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கேப்பா கெடைச்சுது? பம்பாயா?"

"வீட்டுல தைச்சாங்க சார்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் கதவோரம் நின்று, நிறுத்திவிடுங்கள் என்று மனதுக்குள் வேண்டினேன். அவர் நிறுத்தவில்லை.

"நெறம் பிரிச்சதும் அவங்கதான். எனக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணுதான் சார். தெரியாது."

பெரியவர் ஒயரைக் கீழே வைத்தார். பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

"ரயில்வேல கம்பளி நூல் வெச்சு டெஸ்ட் பண்ணுவோம்" என்றார். "கலர் கலரா கட்டு. பச்சையோட சேர்றதை எடுன்னு சொல்லுவோம். ஒருத்தன், இன்ஜின்ல கரி அள்ளிப் போடறவன். அவனை மாதிரி வேலைக்காரன் இல்லை. டிரைவர் ஆகப் போறோம்னு புதுச் சட்டை போட்டுட்டு வந்தான். பச்சையோட செவப்பை எடுத்து வெச்சான். என் கையாலேயே எழுதினேன், ஆகமாட்டான்னு."

"பாவம்" என்று என் வாயில் வந்துவிட்டது.

"பாவம்தான் தாயி. ஆனா தப்பா எழுதலை. வண்டி நிறைய ஜனம். இன்னைக்கும் அதைத்தான் எழுதுவேன்." என் கணவரைப் பார்த்தார். "ரயிலா இருந்தா உன்னையும் எடுத்திருக்க மாட்டேன். ஹௌதா?"

"ஆமா சார்."

"இது ரயில் இல்லை. வேலையை முடி."

ஆனாலும் அவர் சும்மா போகவில்லை. பாயைக் கொட்டகைக்கு வெளியே வெயிலுக்கு இழுக்கச் சொல்லி, என்னை எதிரே உட்காரவைத்து, பழைய துண்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நான் தவறியிருந்தேன். கறுப்பு இழை என்று தைத்திருந்தது கருநீலம். இல்லை என்று நான் சாதிக்க, அவர் பழைய துண்டைப் பிரித்து உட்புறத்தைக் காட்டினார். நீலம்தான். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் கண்ணுக்கும் இது மொதல்ல கறுப்புதான்" என்று சமாதானம் சொன்னார். என் கணவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தார். அந்த இழையைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

மாசி கடைசியில் பேட்டரியை மாட்டினார். மீட்டர் முள் துள்ளி நின்றது. கதவுத் தூணுக்குள் படுத்திருந்த சின்னக் கைகாட்டி, திரும்பப் போகிறோம் என்று காட்டுவதற்கானது, டக் என்று எழுந்து, உள்ளே ஆரஞ்சு ஒளியோடு நீட்டிக்கொண்டு நின்றது. பெரியவர் அதை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, குழந்தை மாதிரி விளையாடினார். என் கணவர் வண்டிக்குப் பின்னால் போய்ச் சிவப்பு விளக்குக்கு எதிரே குந்தினார்.

"எரியுது" என்றார் என்னிடம். பிறகு, "நல்லா எரியுது."

வண்டியை எடுத்துப்போகிற அன்று எங்களையும் தோப்புவரை வரச்சொன்னார் பெரியவர். விடியற்காலை, பனி அந்த வருடம் போக மனமில்லாமல் இன்னும் இருந்தது. அவர் ஓட்ட, நாங்கள் பின்னால். எத்தனையோ வண்டிகளுக்கு வேலை பார்த்தவர் என் கணவர். ஒரு காரில் வெறும் ஆளாக உட்கார்ந்து போனது அதுதான் முதல் தடவை. ஊர் தாண்டுவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. பெரியவர் முன்னால் இருக்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. இருபக்கமும் வயல்கள் தெரிந்தும் மறைந்தும் போயின. இன்ஜின் சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

உத்தனப்பள்ளிக்கு முன்னால் செம்மறிக் கூட்டம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டிருந்தது. பெரியவர் கை ஹாரனுக்குப் போனது. கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டு இன்ஜினை அணைத்தார். ஆடுகள் காரின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு, மெத்தென்ற காலடிகளோடு, எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டே இருந்தன. கடைசி ஆடு போன பிறகும் அவர் உடனே வண்டியை எடுக்கவில்லை.