வெட்டச் சொன்ன ஒன்பதாம் பக்கம்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓய்வுபெற்ற விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்தார்கள். அதைக் கேட்டு எழுதுவது தட்டச்சுக்காரம்மாவின் வேலை. பத்தொன்பது வருட சர்வீஸ். இருமலைக்கூட விடமாட்டார், 'இருமுகிறார்' என்று அடித்துவிடுவார்.

அன்று வேதியியல் விஞ்ஞானியம்மாவின் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் குரல் தடுமாறியது. "புகையை வெளிய தள்ளுற ஃபேன் ஓடலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சோதனையை ஆரம்பிச்சேன். ஆவி தேங்கி வெடிச்சப்போ கண்ணு போனது எனக்கில்ல, குடுவை கழுவுறவருக்கு. அவரோட கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் எழுதினாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்."

தட்டச்சுக்காரம்மா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் அடித்தார்.

இயக்குநர் அந்தப் பேச்சு இருந்த ஒன்பதாம் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு அனுப்பினார்.

"ஏன் சார்?"

"அந்தம்மாவோட மரியாதைக்காகத்தான்."

"அவங்க மரியாதையா, ஆபீஸ் மரியாதையா?"

"டைப் அடிக்கத்தானே இருக்கீங்க? அடிங்க."

தட்டச்சுக்காரம்மா அடிக்கவில்லை. உடனே விஞ்ஞானியம்மாவுக்குப் போன் போட்டார்.

மறுநாளே அவர் கைத்தடியோடு மாடியேறி வந்துவிட்டார். "என் மானத்தைக் காப்பாத்தச் சொல்லி உங்ககிட்ட மனு கொடுத்தேனா? முப்பது வருஷமா தொண்டையில நின்னதை இப்பதான் துப்பினேன். தொடைச்சுப்போட நீங்க யாரு?"

இயக்குநர் சிரித்து மழுப்பினார். பதிவை வெளியிடலாம் என்று தான் கொடுத்திருந்த சம்மதக் கடிதத்தை விஞ்ஞானியம்மா அவர் கண்முன்னே கிழித்துப் போட்டார். ஒரே வாரத்தில் தட்டச்சுக்காரம்மாவை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கியடித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சொந்தமாக ஒரு ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு, குடுவை கழுவியவர் வீட்டுக்குப் போனார்கள். விஞ்ஞானியம்மா நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். குனிந்தது பார்வை போன அவருக்குத் தெரியாதென்பது பிறகுதான் உறைத்தது.

"மன்னிப்பெல்லாம் வேணாம்," என்றார் அவர். "என்னாலதான் வெடிச்சுதுன்னு என் பொண்டாட்டி சாகுறவரைக்கும் நம்பினா. அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

தட்டச்சுக்காரம்மா ரெக்கார்டரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்த மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுதுங்க."

"அப்ப நான் சொல்றேன். நடுவுல யாரும் பேசக் கூடாது."

இரண்டரை மணி நேரம் பேசினார். பாதிக்குமேல் விஞ்ஞானியம்மாவுக்கு வசவு. தட்டச்சுக்காரம்மா வசவு உட்பட அத்தனையையும் அடித்து, நிறுவன நூலகத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார்.