போனி என்ற சொல்

காய்ச்சலில் கிடந்த அந்த ஐரிஷ் கிழவர் தன் கறுப்புக் கம்பளிக் கோட்டைச் சின்னம்மாவின் மடியில் வைத்து, "போனி... மேரி" என்று இரண்டே சொல் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நானும் நின்றிருந்தேன். மேரி அவருடைய மகள். அவளைப் பற்றி அவர் பேசாத நாளில்லை.

அறுபதுகளில் ராயபுரத்தில் மாலுமிகள் தங்கும் விடுதியொன்றில் சின்னம்மா துணி துவைத்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் மாலுமிகளின் காசுப் பேச்சுதான். ஷில்லிங் என்றால் 'பாப்', ஆறு பென்ஸ் 'டானர்', பவுண்டு 'க்விட்'. கப்பல் இறக்கிவிட்டுப்போன அந்த நோயாளிக் கிழவர்தான் அதில் பாதியைச் சொல்லிக்கொடுத்தவர். 'போனி'யை மட்டும் அவர் அதுவரை சொன்னதில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள். "போணின்னா இன்னாடி? காலைல மொத யாவாரத்துக்குச் சொல்வாங்களே, அதுவா?"

நான் கான்வென்டில் எட்டாவது. "இல்ல சின்னம்மா, குட்டிக் குதிர. புக்குல படம்கூட கீது."

"பாவம், காய்ச்சல்ல பொண்ணுக்குக் குதிர வாங்குறாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் இறந்தார். கோட்டு தனக்குத் தந்த அன்பளிப்பு என்றே சின்னம்மா நினைத்தாள். அந்த மழைக்காலத்தில் வீட்டில் அரிசியில்லை. பழைய துணிக்காரனிடம் அதை விற்றாள்.

அடுத்த வருஷம் வேறொரு மாலுமி சீட்டாட்டத்தில் ஜெயித்து வந்து, "ஒரு போனி!" என்று கத்தினான். எவ்வளவு என்று அவள் கேட்டாள். இருபத்தைந்து பவுண்டு என்றான்.

அன்று வீட்டுக்கு வந்தவள் சோறு வைக்கவில்லை. "கோட்டு ஓரம் தடிப்பா இருந்திச்சுடி. கித்தான் துணி வெச்சுத் தெச்சுகீறாங்கன்னு நென்ச்சேன், உள்ள நோட்டுன்னு தோணலியே."

துணிக்காரனைத் தேடிக் கொருக்குப்பேட்டை வரை நடந்தாள். அவன் எவருக்கோ விற்றிருந்தான். அதன்பின் பல வருஷம், கறுப்புக் கோட்டு போட்டவர் யார் எதிரே வந்தாலும் அவள் கண் முதலில் அதன் கீழ் ஓரத்துக்குத்தான் போகும். ஒருமுறை பேருந்தில் யாரோ ஒருவரின் கோட்டைத் தொட்டுப் பார்த்துத் திட்டு வாங்கினாள்.

என்னை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாக அழுதபோதும், "நீ இன்னா பண்ணுவ, புக்குல அப்டித்தான போட்டுகீது" என்றாள்.

சின்னம்மா இப்போது இல்லை. மேரி இருந்தால் என்னைவிட மூத்தவளாக இருப்பாள். அப்பா தனக்கென்று எதுவுமே வைத்துவிட்டுப் போகவில்லை என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருப்பாள்.